ஐந்தில் ஒரு பங்கு போதும்

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது முதுமொழி. அந்த முளைக்கு நாம் எதனை, எவ்வளவு ஊட்டுகிறோம் என்று எண்ணிப் பார்த்தோமா?

மண்புழு உழவனின் நண்பன் என்பதைப் பள்ளிப் பருவம் முதலே படித்து வருகிறோம். பேரறிஞர் டார்வின் 1881-இல் வெளியிட்ட தம் இறுதி நூலில் மண்புழுவின் பணியையே ஆராய்ந்தார். அத்தகைய புழு தரும் உரம் இன்று மூட்டைகளில் விற்பனைக்கு வருகிறது. ‘இயற்கை உரந்தானே, எவ்வளவு இட்டால் என்ன?’ என்று தொட்டி முழுவதும் அதனையே நிரப்பித் தக்காளி, கத்தரி, மிளகாய் விதைகளை ஊன்றுவோர் பலர். இது தவறு என்பதே என் கருத்து.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளைவ் எட்வர்ட்ஸ் குழுவினர் தொட்டிச் செடிகளில் பல ஆய்வுகள் நடத்தினர். வளர்ப்புக் கலவையில் பெரும்பாலும் 10 முதல் 20 விழுக்காடு மண்புழு உரம் சேர்த்தபோதே செடிகள் செழித்தன. அளவு மிகுந்தபோது வளர்ச்சி குன்றியது. காரணம் எளிது. உரத்தில் கரைந்துள்ள உப்பு மிகுந்தால் இளவேர் நீரை உறிஞ்ச இயலாது தவிக்கும். நுண்ணிய உரம் நீரைத் தேக்கிக் காற்றைத் தடுக்கும். ஈரம் மிகுந்தால் நாற்றழுகல் நோய் பற்றும். வீரிய ஒட்டு விதையை அதிக விலை கொடுத்து வாங்கும் சிறு விவசாயி இந்த இழப்பைத் தாங்குவாரா?

ஆகவே நன்கு மட்கிய தென்னை நார்க்கழிவோ, மணல் கலந்த செம்மண்ணோ நான்கு பங்கு. சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு. இதுவே போதும். 100 தொட்டிகளை நிரப்பும் உரம் 500 தொட்டிகளுக்கு வரும்!

இவ்வளவு சிறிதே தேவையெனில் விலைக்கு வாங்குவானேன்? கல்லூரி வளாகங்களில் உதிரும் சருகைக் குவித்துத் தீயிடுகிறோம். புகைதான் மிஞ்சுகிறது. அச்சருகையும் விடுதிச் சமையலறையின் காய்கறிக் கழிவையும் சாணக் கரைசல் தெளித்துச் சில வாரம் மட்கவிட்டு, சூடு தணிந்தபின் நிழலிலுள்ள தொட்டியில் இட்டுப் புழுக்களை விடலாம். சாண நாற்றம் நீங்கி மண்வாசனை வீசினால் உரம் தயார். தாவரவியல், விலங்கியல் மாணவர்களுக்கு இதனினும் சிறந்த செய்முறைப் பாடம் வேறுண்டோ?

மாணவ நண்பர்களே! இயற்கையைப் போற்றினால் மட்டும் போதாது. அதன் அளவையும் அறிதல் வேண்டும். சருகுக்குத் தீ வைப்பதை நிறுத்துவோம். நாற்றுக்கு அளவறிந்து ஊட்டுவோம்.