தேதி மட்டும் போதுமா?

பெங்களூருவில் 1985ஆம் ஆண்டுப் பிரீமியர் பத்மினி ஒன்றை வாங்க விரும்புவோர் பெரும்பாலும் வண்ணப்பூச்சையும் எஞ்சின் ஒலியையும் கவனிக்கின்றனர், ஆர்.சி.யில் உள்ள கடைசித் தேதியைக் கண்டு நிறைவடைகின்றனர். அது போதாது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அச்சட்டத்துக்கு முன் பதிவானவற்றுக்கும் இது பொருந்தும். பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைச் சோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அவ்வகையில் இந்தப் பத்மினி 2000 முதல் 2020 வரை ஐந்து சோதனைகளைக் கடந்திருக்க வேண்டும். இடையில் ஒன்று விடுபட்டிருந்தால், வண்டி கொட்டகையில் துருவேறிக் கிடந்ததா, காலாவதியான பதிவோடு சாலையில் ஓடியதா என்ற கேள்வி எழுகிறது. விற்பவரிடம் அதைக் கேட்பதும், சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுவதும் வாங்குபவரின் கடமை.

எனினும் தனிமனித விழிப்புக்கு ஓர் எல்லை உண்டு. அரசின் ‘வாகன்’ தளம் செல்லுபடியாகும் தேதியைக் காட்டுகிறது. பிரேக் எந்நிலையில் இருந்தது, அடிச்சட்டம் அரித்திருந்ததா என்பவற்றைக் காட்டுவதில்லை. பிரிட்டனில் வண்டி எண்ணை அளித்தாலே 2005 முதலான எம்.ஓ.டி. சோதனை முடிவுகளும், தோல்விக்கான காரணங்களும், ஓடிய தொலைவும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. உரிமையாளரின் பெயர் அதில் வெளிப்படுவதில்லை; ஆகவே அந்தரங்கத்தைக் காரணம் காட்டி இங்கு அதை மறுப்பதும் பொருந்தாது.

பிரேக் தவறினால் பாதிக்கப்படுபவர் வாங்கியவர் மட்டுமல்லர், சாலையைக் கடப்பவரும்தான். பொதுமக்களின் பாதுகாப்புக்காக நடத்தப்படும் சோதனையின் முடிவு பொதுமக்களுக்கே உரியது.