காட்டு வேலை பிரசவப் பயிற்சி ஆகுமா?

"பிள்ளைத்தாய்ச்சி நன்றாகக் குனிந்து நிமிரட்டும், அப்பொழுதுதான் சுகப்பிரசவம் ஆகும். நம் பெண்களுக்குத் தனியாகத் தேகப்பயிற்சி எதற்கு?" என்று பெரட்டுக் களத்தில் இன்றும் பேசுகிறார்கள். மண்டோர் பேசுகிறார், கிராணி பேசுகிறார். சொல்லவே வெட்கமாயிருக்கிறது, நம் மாமியார்மாரும் பேசுகிறார்கள். காலையில் மரம் வெட்டி, பாலை நிறுத்துவிட்டு, லயத்துக்கு வந்து மாலையில் பிள்ளை பெற்றவளின் கதை ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. பெற்றவள் கதை சொல்லுகிறாள். பெற முடியாமல் போனவள் கதை சொல்ல வரமாட்டாள்.

தொழிலாளத் தாய்மார்களே, உழைப்பு வேறு, பயிற்சி வேறு. நடப்பது நல்லதுதான். உடம்பில் வேறு கோளாறு இல்லாத கர்ப்பிணி வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமே 2020-ல் கூறியிருக்கிறது. ஆனால் தீம்பாரில் நடப்பது என்ன? விடியுமுன் ஐந்நூறு, அறுநூறு மரம். தாழ்ந்த வெட்டுக்கு இடுப்பு மடிந்த குனிவு. பிறகு மங்கு மங்காகப் பாலைச் சேர்த்து, காண்டாக் கம்பில் இருபுறமும் வாளியைத் தொங்கவிட்டுக் கொண்டு, மழையில் வழுக்கும் மேட்டில் ஏறி இறங்குவது. மூச்சை அடக்கிச் சுமை தூக்கும்போதெல்லாம் வயிற்றின் அழுத்தம் முழுவதும் கீழே இறங்குகிறது. கருப்பையையும் மூத்திரப் பையையும் தூளித் துணி போலக் கீழிருந்து தாங்கும் தசை ஒன்று இருக்கிறது. பிள்ளைப் பாரமும் சேர்ந்து அந்தத் துணி நைந்து போகிறதே தவிர, வலுப்பதில்லை.

அதை வலுவாக்கும் பயிற்சிக்குக் காசு வேண்டாம். மூத்திரத்தை அடக்குவது போல அந்தத் தசையை இறுக்கி, சில விநாடி நிறுத்தி, தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. உட்கார்ந்தும் செய்யலாம், படுத்தும் செய்யலாம். மூச்சை அடக்கக் கூடாது. இதை எந்தத் தாதியிடமும் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். கேட்க வெட்கப்படுவதுதான் நம் வழக்கம். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை வரக்காப்பியோடு விழுங்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. காப்பியும் தேநீரும் அந்தச் சத்தை உடம்பில் சேர விடாமல் தடுப்பவை. எலுமிச்சைச் சாறோடு விழுங்குங்கள். காப்பியைப் பிறகு குடியுங்கள்.

பிரசவத்துக்குப் பின் நடப்பதுதான் பெரிய அநியாயம். பிள்ளை பிறந்த அன்று ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும் கருப்பை, பழைய அளவுக்குச் சுருங்க ஆறு வாரம் பிடிக்கிறது. கம்பத்து மலாய்ப் பெண் 44 நாள் பந்தாங் காக்கிறாள். சீனப் பெண் ஒரு மாதம் வீட்டிலிருக்கிறாள். நம் பாட்டிமாரும் பூண்டும் சுறாப் புட்டும் கொடுத்துக் காத்தவர்களே. (தண்ணீரை மட்டும் மறுத்தார்கள். அது தவறு, பால் கொடுப்பவள் தாகத்துக்குக் குடிக்க வேண்டும்.) வயிற்றை அறுத்துப் பிள்ளை எடுத்தவளோ ஆறு வாரம் தன் குழந்தையை விடக் கனமான எதையும் தூக்கலாகாது.

தூக்கினால் என்ன என்று கேட்பவர் நேப்பாளத்தைப் பார்க்கட்டும். அங்கே மலைக் கிராமப் பெண்கள் பிள்ளை பெற்ற சில நாளிலேயே விறகும் தண்ணீரும் சுமந்து, கருப்பை கீழிறங்கிப் பெருந்தொகையாக அவதிப்பட்டார்கள். அது வழக்காகி, 2008-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதைப் பெண்களின் உரிமைப் பிரச்சினை என்று தீர்ப்பளித்தது. தலைவிதி என்று சொல்லவில்லை!

நம் நாட்டிலே சட்டம் இருக்கிறது. 1955-ம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 60 நாளாக இருந்த பிரசவ விடுமுறை, 2023 ஜனவரி 1 முதல் 98 நாள். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2000-ல் வகுத்த 14 வாரக் கணக்கு அது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலை நீக்கம் செய்வது இப்பொழுது குற்றம். அப்படியானால் ஜொகூர்த் தோட்டத்தில் அந்த 98 நாளைத் தின்பது யார்?

நிர்வாகத்தை மட்டும் சொல்லித் தப்ப முடியாது. குளுவாங் பக்கமானாலும் லாபிஸ் பக்கமானாலும், புருஷன் நிரையில் ஒட்டுப்பால் பொறுக்கவும் வாளி தூக்கவும் போகிறவள், முப்பது நாள் குழந்தையைக் கிழவியிடம் விட்டுவந்த பெண்டாட்டிதான். அவள் பெயர் செக்ரோலில் இல்லை, கூலி இல்லை, விழுந்தால் கேட்பாரில்லை. பால் எடைக்குக் கூலி என்பதால் குடும்பமே அவளைக் காட்டுக்குத் துரத்துகிறது. இதே காரணத்தால்தான் ஏழாம் மாதத்திலும் அவள் சுமையைக் குறைப்பதில்லை. குறைத்தால் சம்பளம் குறையும். கூலி குறையாத இலகு வேலை, நர்சரியிலோ ஸ்டோரிலோ, அடுத்த ஒப்பந்தப் பேச்சில் முதற் கோரிக்கையாக வைக்கப்பட வேண்டும். விலை உயர்வுக்குப் பின்னால் ஏழாவது எட்டாவதாக எழுதி, முதல் நாளே விட்டுக் கொடுப்பதற்கு அல்ல.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. பிரசவப் படி பெற, முந்திய 9 மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அதே முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும். கடைசி 4 மாதத்துக்குள்ளும் அவரிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு உங்கள் பேனாவில் இருக்கிறது. அவள் வெட்டிய நாளைக் கணவன் பெயரில் எழுதாதீர்கள்.

புருஷன்மார்களுக்கு இன்னொன்று. மனைவி பிரசவித்தால் உங்களுக்கும் 7 நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருந்து, 30 நாளுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். நாளை பெரட்டிலேயே எழுதிக் கொடுங்கள். அந்த ஏழு நாளும் துணி துவைப்பதும் தண்ணீர் காய்ச்சுவதும் உங்கள் வேலை.