சோதனையில் தேறினால் போதுமா?

1960களின் தொடக்கத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் அண்டக்கதிர் உணர்கருவிகளை மேலும் மேலும் ஆழத்திற்கு இறக்கிக்கொண்டே போனார்கள். ஏறத்தாழ 2,700 மீட்டர் ஆழத்தில் 2 மாதம் காத்திருந்தும் ஒரு துகள்கூடப் பதிவாகவில்லை. அந்த வெறுமையே ஆய்வு முடிவாக வெளிவந்தது. அத்தகைய அமைதி கிடைத்ததனால்தான் 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைப் பிரித்தறிய முடிந்தது. (அந்த ஆழத்தைத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், அது தனியே எழுதப்பட வேண்டிய வரலாறு.)

யுஎஸ்பியில் செருகும் வன்பொருள் சமவாய்ப்பு எண் கருவிகளைப் பற்றிய ஆய்வேடுகளை எழுதுவோரும் திருத்துவோரும் இந்த நேர்மையைக் கற்க வேண்டியிருக்கிறது. அவற்றில் பல ஒரே வாய்பாட்டில் முடிகின்றன: வெளியீடு நிஸ்ட் சோதனைத் தொகுப்பில் தேறியது, ஆகவே இது உண்மையான சமவாய்ப்பு. இந்த 'ஆகவே' பொய்யானது.

மியூவான்கள் வந்துசேரும் நேர இடைவெளியிலிருந்து எண்களை எடுக்கும் கருவி ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். இரண்டு தகடுகளில் ஒருங்கே பட்டால்தான் அது கணக்கில் கொள்ளும். தரைமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் விழுகிறது. கருவி மெதுவாகவேனும் இயங்கும். அதே கருவியைச் சாம்பியன் ரீஃபின் அடியில் முடுக்கினால் மூலம் வற்றிவிடும். ஆனால் ஃபர்ம்வேர், உள்நிலையை ஷா-256 வழியாகக் கலக்கி அனுப்புவதாக எழுதப்பட்டிருந்தால், எண்கள் முன்போலவே கொட்டிக்கொண்டிருக்கும். எல்லாச் சோதனைகளிலும் தேறும். தொழிற்சாலையில் ஒரே தொடக்கநிலையுடன் வந்த கருவிகள் அனைத்தும் அங்கே ஒரே தொடரைத்தான் உமிழும்.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. டெபியனில் 2006இல் நுழைந்த ஒரு மாற்றம் ஓபன்எஸ்எஸ்எல்லின் விதையைச் செயல்முறை எண்ணாகச் சுருக்கியது. 2008 வரை அங்கு உருவான திறவுகோல்கள், ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும், 32,768 வாய்ப்புகளுக்குள் அடங்கின. தனித்தனியே பார்த்தால் அவற்றில் எந்தக் குறையும் தெரிந்திராது.

இக்குழப்பத்தில் சொல்லுக்கும் பங்குண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'சமவாய்ப்பு' என்கின்றன. இலங்கையில் 'எழுமாறு' என்பர். முன்னது சமமான பரவலை நினைவூட்டுகிறது, பின்னது எதிர்பாராமல் எழுவதை. ஹாஷ் சார்பு முதலாவதை எளிதில் தந்துவிடும். பாதுகாப்புக்கு வேண்டியது இரண்டாவது. அதை ஃபர்ம்வேர் உண்டாக்க இயலாது. மூலத்திலிருந்து பெற்றுக் காக்கத்தான் இயலும்.

2018இல் வந்த நிஸ்டின் 800-90பி ஆவணம் இதனால்தான் பதப்படுத்தாத இரைச்சலையே அளக்கச் சொல்கிறது. ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வந்தால் எச்சரிக்கும் சோதனையையும் கருவிக்குள்ளேயே வைக்கச் சொல்கிறது. மூலம் நின்றால் கருவியும் வாய்மூட வேண்டும். வாய்மொழித் தேர்வில் முதலில் கேட்கப்பட வேண்டியவை கலக்குவதற்கு முந்தைய பதிவுகளும் ஃபர்ம்வேரின் மூலநிரலும். அவற்றைக் காட்டாத ஆய்வேடு, தேர்ச்சி அட்டவணை எத்தனை பக்கம் நீண்டாலும், திருப்பி அனுப்பப்பட வேண்டும்.