தொட்டுப் பார்க்க விடுங்கள்!

வானம் பேசுகிறது! கண்ணுக்குத் தெரியாத, காதுக்குக் கேட்காத ரேடியோ அலைகளால் பேசுகிறது. அதைக் கேட்கும் வித்தையைக் கரும்பலகையில் வரைந்து, தேர்வுத்தாளில் எழுத வைத்து, பட்டம் தந்து அனுப்பினால் போதும் என்கிறார்கள் சிலர். போதுமா? ஏட்டுச் சுரைக்காய் என்றைக்குக் கறியாயிற்று?

வரலாற்றைப் புரட்டுவோம். 1951. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம். யூவன் என்ற ஆராய்ச்சி மாணவர், ஆசிரியர் பர்செலின் துணையோடு, 500 டாலர் உதவித்தொகையில், பலகைக்குச் செப்புத் தகடு போர்த்திக் கொம்பு போன்ற ஏரியல் ஒன்று செய்து சன்னலில் பொருத்தினார். விண்வெளி ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் அலை முதன்முதலாகப் பிடிபட்டது! கோடி கொட்டியா கண்டார்கள்? பலகையும் செம்பும், அவற்றைத் தொட உரிமை பெற்ற கைகளும் கண்டன!

அடுத்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ். ஜோசலின் பெல் என்ற மாணவி, தோழர்களுடன் கம்பம் நட்டார், கம்பி இழுத்தார், ஈராண்டு உழைத்தார். 1967-இல், கருவி வரைந்த காகிதச் சுருளில் ஓர் அங்குலம்கூட இல்லாத கிறுக்கல். மற்றவர் குப்பை என்று தள்ளியிருப்பர். கருவியோடு வாழ்ந்தவரோ விடவில்லை. பல்சார் என்னும் துடிவிண்மீன் தெரிந்தது! 1974-இல் நோபல் பரிசை அவருடைய ஆசிரியர் ஹூயிஷும், ரைலும் பெற்றனர், மாணவிக்கு இடமில்லை. 2018-இல் தமக்குக் கிடைத்த 30 லட்சம் டாலர் பரிசை அவர் என்ன செய்தார்? வாய்ப்புக் குறைந்த பிரிவினர் இயற்பியல் பயில வழங்கினார்! கதவு அடைபடுவதன் வேதனை அறிந்த உள்ளம் அல்லவா!

நம் நீலகிரியைப் பாருங்கள். முத்தோரையில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் நிற்கிறது. கோவிந்த் சுவரூப் தலைமையில் இந்நாட்டு அறிவும் உழைப்பும் எழுப்பியது. அவ்விடத்தின் அட்சரேகை 11 பாகை. அதே அளவு சாய்ந்த மலைச்சரிவைத் தேடிக் கட்டினார்கள். ஓர் அச்சில் சுழற்றினாலே வான்பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். மலையையே கருவியாக்கிய மதிநுட்பம்!

புனேயில் தேசிய ரேடியோ வானியற்பியல் மையம் மாணவருக்குக் குளிர்காலப் பள்ளி நடத்தியிருக்கிறது. பாராட்டுகிறோம். ஆனால், பொறுக்கியெடுத்த சிலருக்குத் திறக்கும் கதவு போதாது என்கிறோம். இன்று அட்டையும் அலுமினியத் தாளும் கொண்டு கொம்பு ஏரியல் செய்யலாம். ஒரு பெருக்கி, கணினியில் செருகும் விரலளவு ரேடியோ ஏற்பி, இவை சேர்ந்தால் அதே ஹைட்ரஜன் அலையைக் கல்லூரி மாடியிலேயே பிடிக்கலாம். பால்வீதி சுழலும் வேகத்தை மாணவரே அளக்கலாம்!

கூலித் தொழிலாளியின் மகள் அரசுக் கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கு மட்டும் படம். வசதி படைத்தவனுக்குக் கருவியா? வானத்துக்கு வேலியில்லை. ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் ஏன் பூட்டு? திறவுங்கள் என்கிறோம்!