முழங்காலில் ஒரு கருங்கோடு

உடுப்பிட்டியில் நமது அயலிலுள்ள ஆச்சியொருவர், முழங்காலின் உட்பாதியை மட்டும் மாற்றும் சத்திரசிகிச்சை செய்து 8 மாதமாகியும் நோகிறதென்று எக்ஸ்ரே படத்துடன் வந்தார். நாம் வைத்தியரல்லோம், கல்லூரியிற் படிப்பிப்பவருக்கு எல்லாந் தெரியும் என்பது ஊரார் நம்பிக்கை! உலோகத்தட்டின் கீழ் மெல்லிய கருங்கோடொன்று தெரிந்தது. "தட்டுக் கழன்றுபோச்சாம் தம்பி, திரும்பவும் வெட்டவேணுமாம்" என்றார். யாரோ பயமுறுத்தியிருந்தனர்.

1982 முதல் ஒக்ஸ்போர்டில் உட்பாதி மாற்றப்பட்ட முழங்கால்களில் இக்கோடு அடிக்கடி காணப்பட்டது. 2 மில்லிமீற்றருக்கு உட்பட்டு, ஓரந் தெளிவாய், வளராதிருப்பின் அது தட்டுக் கழன்றதற்கு அடையாளமன்று, நோவுக்குங் காரணமன்று. இதனை அறியாது வீணே இரண்டாம் முறை கத்திக்கு ஆளானோரும் உளர். தடித்து, வரவர அகலுங் கோடே அஞ்சத்தக்கது. ஆகவே பழைய படங்களை எறிந்துவிடலாகாது. ஒப்பிட அவை வேண்டும். படுத்தபடியன்றி, நின்றபடி எடுத்த படமே மறுபாதியின் தேய்வை நன்கு காட்டும். என்பு ஸ்கானோ ஓராண்டு கடந்தும் ஒளிர்ந்து ஏமாற்றக்கூடும். இடுப்பு மூட்டின் நோவு முழங்காலிலே தோன்றுவதுமுண்டு. காய்ச்சலும் வீக்கமுஞ் சேரின் ஒருநாளுந் தாமதிக்கலாகாது.

முதற் படத்தையும் எடுத்துக்கொண்டு பருத்தித்துறை வைத்தியசாலைக்குச் செல்லுமாறு ஆச்சியை அனுப்பினோம். அது றங்குப் பெட்டியின் அடியிற் கிடந்ததாம்.