பூஜை அறைச் சாமிக்குப் பச்சைக் களிம்பா?

போன மாதம் ஆன்லைனில் ஒரு தவழும் கிருஷ்ணனை வாங்கினேன். நான்கு விரல் நீளம், கையில் வெண்ணெய் உருண்டை, விலை 1,450 ரூபாய். ‘செட்டிநாட்டு வீட்டுப் பூஜை அறையில் இருந்தது, 120 ஆண்டுப் பழசு’ என்று போட்டிருந்தார்கள். இடுக்குகளிலெல்லாம் கறுப்பும் பச்சையுமாகக் களிம்பு. அதில்தான் மயங்கினேன்.

பார்சலைப் பிரித்ததும் அத்தை கேட்டார்: “பூஜையில இருந்த சாமிக்கு ஏம்ப்பா இவ்வளவு களிம்பு? வெள்ளிக்கு வெள்ளி புளி போட்டுத் தேய்க்க மாட்டாங்களா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. காந்தம் வைத்தேன், ஒட்டவில்லை. இரும்பு இல்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. அடுத்து சமையலறைத் தராசு. கிருஷ்ணன் 510 கிராம். தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துச் சுழியமாக்கி, பொம்மையை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்கினேன். 60 கிராம் காட்டியது. 510ஐ 60ஆல் வகுத்தால் 8.5. பித்தளைக்கு 8.4 முதல் 8.7 வரை வரும். துத்தநாகக் கலவை 7ஐத் தொடாது. ஆக, கெட்டிப் பித்தளைதான். எனக்கு ஒரே சந்தோஷம். பித்தளைக்கு வயது தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். கறுப்பு முழுக்கப் பஞ்சுக்கு வந்துவிட்டது, பெயின்ட். பச்சை போகவில்லை. ஆனால் உப்பும் நவச்சாரமும் இருந்தால் சில நாளில் பித்தளையில் பச்சை ஏற்றிவிடலாம். நிறத்தை நம்பி வயது சொல்வது, சாயம் பூசிய தலையைப் பார்த்து வயது சொல்வது மாதிரி.

தேய்மானத்தை ஏமாற்றுவதுதான் கடினம். தலைமுறை தலைமுறையாகத் துலக்கிய சாமிக்கு மூக்கு மழுங்கியிருக்கும், கண் கோடு மங்கியிருக்கும், தரையில் படும் முழங்கால் வழவழப்பாகியிருக்கும். என் கிருஷ்ணனுக்குக் கன்னத்தில் ஒரு வடு. முழங்காலிலோ கிரைண்டர் ஓடிய வரிகள், புதுசாகப் பளபளத்தன. கைக்கு அடியில் மெல்லிய தையல் கோடு, இரண்டு பாதி அச்சு சேர்ந்த இடம். சுவாமிமலை மெழுகு வார்ப்பில் ஒவ்வொரு சிலைக்கும் மண் அச்சை உடைத்துத்தான் எடுப்பார்கள். இந்தக் கோடு அதில் விழாது.

அதே விற்பனையாளரின் மற்றப் பொருள்களைத் தேடினேன். இன்னும் மூன்று கிருஷ்ணர்கள். மூன்று கன்னத்திலும் அதே வடு.

உண்மையிலேயே பூமிக்கடியில் கிடந்து பச்சை பூத்ததாக இருந்தால் மட்டும் நிம்மதியா? 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டிய பொருள் அது. நூறு வயது தாண்டிய சிற்பம் என்றால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். கோயிலில் களவு போனதென்றால் சிலைக் கடத்தல் தடுப்புப் போலீஸே வாசலுக்கு வரும். போலியானதில் எனக்கு லாபம்தான்.

இப்போது அத்தை புளி போட்டுத் தேய்த்துவிட்டார். பளபளவென்று கிருஷ்ணன் பூஜை அலமாரியில் தவழ்கிறார். நீங்கள் வாங்குவதானால், காசு கட்டுமுன் அடிப்பாகத்தின் படத்தைக் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.