காதில் ஓதும் போனும் 12 ரூபாய் டீயும்

கிழக்கேகோட்டையில் டீ குடிப்பவர்களுக்கு இது தினசரி காட்சி. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, 12 ரூபாய் அடித்து, ரகசிய எண்ணைத் தட்டினால் போதும். கண்ணாடி பிஸ்கட் ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டி, பணம் வந்துவிட்டது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அறிவிக்கும். சில கடைகளில் அதைச் சொல்வது சாட்சாத் மம்மூட்டி. போன்பே நிறுவனம் 2023 கடைசியில் அவர் குரலை மலையாளப் பெட்டிகளுக்கு எடுத்துக்கொண்டது. 12 ரூபாய்க்கு மம்மூட்டி ரசீது கொடுக்கிறார், இதில் யாருக்கு என்ன புகார் இருக்க முடியும்?

அடுத்த விநாடிதான் கொடுமை ஆரம்பிக்கிறது. டீ குடிக்கிற மனுஷன் காதில் ப்ளூடூத் இயர்பட்ஸ் மாட்டியிருந்தால், அவருடைய போன் அதே 12 ரூபாயைத் தன் பங்குக்கு இன்னொரு தடவை ஓதும். முதலில் அனுப்பியவர் பெயர் எழுத்து எழுத்தாக. பிறகு கணக்கின் கடைசி நாலு இலக்கம், தேதி, பன்னிரண்டு இலக்க ரெபரன்ஸ் நம்பர், "இதை நீங்கள் செய்யவில்லை என்றால்" என்று தொடங்கும் எச்சரிக்கை, கூப்பிட வேண்டிய எண். பாதி டீ ஆறிப் போயிருக்கும். ஓதி முடிப்பதற்குள் யூபிஐ ஆப் தன்னுடைய செய்தியை அனுப்பும். அது முடிவதற்குள் தங்கமணியிடமிருந்து வாட்ஸ்அப். நம் ஊர் பாஷையை இங்கிலீஷ் எழுத்தில் அடித்த செய்தி. முருங்கைக்காய் வாங்கி வரச் சொன்னது, அந்த இயந்திரக் குரலில் ஏதோ வியாதியின் பெயர் மாதிரி கேட்கும் :-)

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன் கேட்காமல் பேசக் கூடாது. இந்த வசதியை எல்லோரும் உடனே அணைத்து வையுங்கள், தேவையானவர்கள் தவிர. இருபது வருஷத்துக்கு மேல் வங்கியில் ஆணி பிடுங்குகிறவனுக்கு இதில் காது வலியைத் தாண்டி வேறு கவலைகளும் இருக்கின்றன.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஆப்பிள் 2019இல் ஏர்பாட்ஸில் வருகிற மெசேஜ்களை சிரி படித்துக் காட்டும் வசதியைக் கொண்டுவந்தது. 2021இல் ஐஓஎஸ் 15 வந்தபோது மெசேஜ் மட்டும் என்பது போய், எல்லா ஆப்களின் நோட்டிபிகேஷன்களையும் படிக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். கூகுள் அசிஸ்டென்ட், சாம்சங் இயர்பட்ஸ் எல்லாவற்றிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. இயர்பட்ஸை முதல் தடவை இணைக்கும்போது ஒரு கேள்வி வரும். நாம்தான் எந்தக் கேள்விக்கும் சரி, சரி, சரி என்று தட்டிக்கொண்டே போகும் ஜாதியாயிற்றே. கணக்கு திறக்கும் படிவத்தில் பதினெட்டு இடத்தில் கையெழுத்துப் போடும் வாடிக்கையாளரும் அப்படித்தான் போடுகிறார்.

அமெரிக்காவில் உட்கார்ந்து இதைச் செய்தவர்களுக்கு ஒரு நாளைக்கு இந்திய வங்கிக் கணக்கு எவ்வளவு பேசும் என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எங்கள் மேல் பழி போடாதீர்கள் மக்களே, காரணம் இருக்கிறது. கார்டு பரிவர்த்தனை எந்தத் தொகையாக இருந்தாலும் வாடிக்கையாளருக்கு உடனே தகவல் போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2011இல் உத்தரவு போட்டது. 2017 ஜூலையில் வந்த சுற்றறிக்கை, மின்னணுப் பரிவர்த்தனைகளுக்கு எஸ்எம்எஸ் கட்டாயம் அனுப்பச் சொன்னது. நல்ல உத்தரவுகள்தான், அவற்றால் பணம் தப்பித்தவர்களை எனக்கே தெரியும். ஆனால் அப்போது யூபிஐ ஒரு வயசுக் குழந்தை. 2016இல் பிறந்த அந்தக் குழந்தை 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2000 கோடி பரிவர்த்தனையைத் தாண்டியது. அதில் எத்தனை டீ, எத்தனை வாழைக்காய் பஜ்ஜி என்று நினைத்துப் பாருங்கள். எச்டிஎஃப்சி வங்கி 2024 ஜூன் 25 முதல், 100 ரூபாய்க்குக் கீழே அனுப்பினாலும் 500 ரூபாய்க்குக் கீழே வரவு வந்தாலும் யூபிஐக்கு எஸ்எம்எஸ் கிடையாது என்று நிறுத்தியது. புத்திசாலித்தனம் என்றுதான் சொல்வேன்.

இந்தச் செய்திகள் எல்லாமே கண்ணுக்காக எழுதப்பட்டவை. இதுதான் விஷயத்தின் மையம். அனுப்பியவர் பெயரின் கடைசியில் ஒரு கோடு போட்டு ஒற்றை எழுத்து இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? டிராய் 2025இல் விதியைத் திருத்திக் கொண்டுவந்தது. பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசாங்கம். கண்ணால் பார்த்தால் அரை விநாடியில் தெரிந்துவிடும், விளம்பரத்தைத் தள்ளிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். காதுக்கு அந்தச் சலுகை கிடையாது. லோன் வேண்டுமா என்பதிலிருந்து பணம் போய்விட்டது என்பது வரை ஒரே குரலில், ஒரே ஏற்ற இறக்கத்தில், வரிசையில் நின்று முழுதாகக் கேட்டாக வேண்டும். நாலு நாளில் மனசு கேட்பதை நிறுத்திவிடும்.

அங்கேதான் எனக்கு உதைக்கிறது. அந்த 2017 சுற்றறிக்கையில் இன்னொரு சங்கதி உண்டு. வங்கியின் தவறோ உங்கள் தவறோ இல்லாமல், நடுவில் யாரோ கைவரிசை காட்டிப் பணம் போயிருந்தால், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த பிறகு மூன்று வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தால் உங்கள் மேல் ஒரு பைசா நஷ்டம் விழாது. நாலிலிருந்து ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு வரை நீங்கள் தாங்க வேண்டும். அதற்கும் மேலே என்றால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. ஆக, எஸ்எம்எஸ் வந்ததிலிருந்து கணக்கு ஓடுகிறது. பாட்டுக்கு நடுவில் ஏதோ ஒரு குரல் "டெபிட்" என்று முணுமுணுத்தது, நாமும் டீக்கடைக் கணக்கு என்று நினைத்துத் தள்ளிவிட்டோம் என்றால், மாதக் கடைசியில் பாஸ்புக் போடும்போதுதான் விழிப்போம். கவுண்டருக்கு வருகிறவர்கள் "மெசேஜே வரலை சார்" என்பார்கள். போனை வாங்கிப் பார்த்தால் வந்திருக்கும். காதில் வந்து காற்றில் போயிருக்கும்.

அப்புறம் ஓடிபி. "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று நாங்கள் போஸ்டர் ஒட்டுகிறோம், ஒவ்வொரு செய்தியிலும் எழுதுகிறோம். உங்கள் போனே அதைச் சத்தம் போட்டுச் சொல்கிறதே, அதற்கு எந்த போஸ்டர் ஒட்டுவது? என் காதில்தானே சொல்கிறது என்பீர்கள். ஒரு இயர்பட் உங்கள் காதிலும் இன்னொன்று சிநேகிதன் காதிலும் இருக்கும் கல்லூரிப் பையன்களை நாகர்கோவில் பாசஞ்சரில் வரிசையாகப் பார்க்கலாம். வீட்டில் பையனின் இயர்பட்ஸ், முன்பு ஒரு நாள் இணைத்த ஞாபகத்தில், அப்பாவின் போனோடு தானாக ஒட்டிக்கொள்வதும் நடக்கிறது. 2025 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கி விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் ஓடிபிக்கு மாற்று வழிகளுக்கும் இடம் கொடுக்கின்றன, வாஸ்தவம். ஆனால் எஸ்எம்எஸ் ஓடிபியை ஒழித்துவிடவில்லை. இன்னும் கொஞ்ச காலம் அதோடு குடும்பம் நடத்தியாக வேண்டும்.

கார் இதைவிட மோசம், அங்கே ஸ்பீக்கர்தான் காது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், சாலைக் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாக மொத்த வியாபாரம் செய்யும் தமிழ்க் குடும்பம். பெண்ணுக்கு வரன் பேசி முடித்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரைத் தன் காரிலேயே ரயிலடிக்குக் கொண்டுபோயிருக்கிறார். வழியில் பின்னணி இசை மாதிரி, மாதத் தவணை கணக்கில் பணம் இல்லாமல் திரும்பிவிட்டது என்று கார் படித்துவிட்டது. விஷயம் ஒன்றுமில்லை, பணம் வேறு கணக்கில் கிடந்தது. ஆனால் தம்பானூர் வரை யாரும் பேசவில்லையாம். மறுநாள் என் முன்னால் உட்கார்ந்து, "நீங்க எனக்கு மட்டும் சொல்ல வேண்டியதை ஏன் சார் சம்பந்திக்குச் சொன்னீங்க?" என்றார். வாடிக்கையாளர் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். பக்கத்து கவுண்டரில் இருப்பவருக்குக் கேட்காதபடி பாக்கியைத் தாளில் எழுதிக் காட்டிப் பழகியவர்கள் நாங்கள். அந்தப் பழக்கம் முழுவதையும் ஒரு செட்டிங் முழுங்கிவிடுகிறது.

நடந்து போகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிழக்கேகோட்டை தெரியாதவர்களுக்கு: ஒரு பக்கம் கோட்டை வாசல், ஒரு பக்கம் சாலை, காந்தி பார்க், பழவங்காடிப் பிள்ளையார், நடுவில் அரசுப் பேருந்துகளும் தனியார் பேருந்துகளும் ஒன்றை ஒன்று முந்தும் இடம். 2024 டிசம்பரில் இங்கே இரண்டு பேருந்துகளுக்கு நடுவில் நசுங்கி ஒருவர் உயிரிழந்தார். அதை நான் இயர்பட்ஸோடு முடிச்சுப் போட வரவில்லை. எந்த மாதிரி இடத்தில் நாம் காதை வேறு யாருக்கோ வாடகைக்கு விட்டு நடக்கிறோம் என்பதற்காகச் சொல்கிறேன். பாட்டு கேட்டுக்கொண்டு நடப்பதே இங்கே சரியில்லை என்பது என் எண்ணம். பாட்டையாவது மனசு ஓரமாக வைத்துக்கொள்ளும். "உங்கள் கணக்கிலிருந்து" என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் கால் தானாக நின்றுவிடுகிறது, பஸ் நிற்பதில்லை.

இதே கோட்டைக்குள் மேத்தன் மணி இருக்கிறது. பத்மதீர்த்தக் குளத்தைப் பார்த்தபடி, தாடிக்கார முகம் ஒன்று. ஒவ்வொரு மணிக்கும் அது வாயைத் திறக்க, இரண்டு ஆடுகள் ஓடிவந்து கன்னத்தில் முட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நோட்டிபிகேஷன். மணிக்கு ஒரு தடவை, எல்லோருக்கும் பொதுவான செய்தி, யாருடைய பாக்கியும் அதில் இல்லை. சாலையில் எண்ணெய்க் கையோடு நிற்கும் கடைக்காரருக்கு மம்மூட்டி குரல் எவ்வளவு தேவை என்பதும் எனக்குத் தெரியும். போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு நழுவுகிறவர்களிடமிருந்து அந்தப் பெட்டிதான் அவரைக் காப்பாற்றுகிறது. அந்தக் குரலை அவர் வாடகை கொடுத்து வைத்திருக்கிறார்.

"அப்போ பார்வையில்லாதவங்க?" என்று கேட்பீர்கள், கேட்க வேண்டிய கேள்வி. அவர்களுக்கு இந்தக் குரல் உயிர்நாடி, அதில் கை வைக்கச் சொல்லவில்லை. 2014 ஜூலை 1 முதல் வைக்கப்படும் புது ஏடிஎம் எல்லாம் பேசும் ஏடிஎம்மாக, பிரெய்ல் விசைகளோடு இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. பேசும் ஏடிஎம்மில் ஹெட்போன் சொருக ஒரு துளை இருக்கும், பார்த்திருப்பீர்கள். அவர் தன் ஹெட்போனைச் சொருகினால்தான் அது அவருக்குப் பாக்கி சொல்லும். வரிசையில் நிற்பவருக்குச் சொல்லாது. கேட்டால் பேசு, கேட்டவருக்கு மட்டும் பேசு என்ற அந்தச் சின்னத் துளைக்குள் இருக்கும் மரியாதை போன் கம்பெனிகளுக்கு வரவில்லை. டெலிவரி பையன்களுக்கு வழி சொல்லும் குரலும் அப்படியே இருக்கட்டும், அதை அவர்கள்தான் போட்டுக்கொள்கிறார்கள்.

சரி, அணைப்பது எப்படி? ஐபோனில் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிபிகேஷன்ஸ், அதற்குள் அனௌன்ஸ் நோட்டிபிகேஷன்ஸ். மொத்தமாக அணைக்கலாம். இல்லை, பையனின் பள்ளிக்கூடச் செய்தி மட்டும் வேண்டும் என்றால், ஆப் வாரியாக விட்டு மற்றதை அணைக்கலாம். எஸ்எம்எஸ்ஸைக் கண்டிப்பாக அணையுங்கள், ஓடிபி அதில்தான் வருகிறது. காருக்கான பொத்தான் தனி. சாம்சங் இயர்பட்ஸ் என்றால் கேலக்ஸி வியரபிள் ஆப்பில், இயர்பட் செட்டிங்ஸுக்குள், நோட்டிபிகேஷனை வாய்விட்டுப் படிக்கும் பொத்தான் இருக்கும். மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் கூகுள் அசிஸ்டென்ட் செட்டிங்ஸில் ஹெட்போன் பகுதிக்குள் ஸ்போக்கன் நோட்டிபிகேஷன்ஸ் என்று தேடுங்கள். அசிஸ்டென்ட் பயனாளர்களை ஜெமினிக்கு மாற்றப்போவதாக கூகுள் 2025இல் அறிவித்ததால், உங்கள் போனில் இடம் மாறியிருக்கலாம். செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடும் கட்டத்தில் ஹெட்போன் என்று அடித்தால் பெரும்பாலும் அகப்படும்.

எங்கள் கிளையில் பென்ஷன்காரர்கள் மொபைல் நம்பர் மாற்ற வரும்போது, காதில் ஏதாவது மாட்டுகிறீர்களா என்று கேட்கத் தொடங்கியிருக்கிறேன். ஆம் என்றால் அவர்கள் கண் முன்னாலேயே அணைத்துக் காட்டச் சொல்கிறேன், நான் போனைத் தொடுவதில்லை. பாதிப் பேர் "இதை நிறுத்தலாமா!" என்று ஆச்சரியப்படுகிறார்கள். பேரன் வாங்கிக் கொடுத்தது, அது அப்படித்தான் பேசும் என்று நினைத்திருக்கிறார்கள்.

பி.கு: கூப்பிடுகிறவர் பெயரை உரக்கச் சொல்லும் வசதி வேறு, இது வேறு. அதற்குத் தனிப் பொத்தான், போன் ஆப்பின் செட்டிங்ஸில் இருக்கும். இதை அணைத்தால் அது அணையாது.